அவர் ஏன் கேட்டார்?

ஜூலை 14, ஞாயிறு இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். முக்கியமாக அப்பாவிடம் காட்டாதீர்கள்.

பயமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. இன்று சர்ச்சில், நற்கருணை வாங்கத் தயார்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் பாஸ்டரய்யா, "தேவனுடைய ஞானம்னா என்ன?" என்று கேட்டார். "அவர் எல்லாவற்றையும் அறிந்தவர்" என்று எல்லோரும் ஒப்பித்தோம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் தெரிஞ்சவரு, ஆதாம் வேண்டாம்னு சொன்ன பழத்தத் தின்னுட்டு மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சப்ப 'எங்க இருக்க'ன்னு ஏன் கேட்டாரு, ஐயா?" என்றேன்.

பக்கத்திலிருந்த மெர்சி என்னைக் கிள்ளினாள். "இன்னாடி, ஐயாவையே மடக்குறியா? உங்கப்பா சர்ச் கமிட்டி மெம்பரு. தோலை உரிச்சிடுவாரு!"

பாஸ்டரய்யா சிரித்தார். "நீயே சொல்லு பாப்பா."

யோசிக்காமலே வந்துவிட்டது. "புடிச்சு இழுத்திருக்கலாம். அவனே வெளிய வரட்டும்னு கேட்டிருக்காரு."

இத்தனை வருடம் ஒப்பித்தது இன்றுதான் புரிந்தது. தெரிந்துகொண்டே கேட்பது எவ்வளவு பெரிய ஞானம்!

சாயங்காலம் பாஸ்டரய்யா கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்து, அப்பாவிடம் தனியாகப் பேசினார். வேதத்தில் கேள்வி கேட்டதற்காக அக்காவைத் திடப்படுத்தலிலிருந்தே நிறுத்தியவர் அப்பா. சாப்பிடும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னையும் நிறுத்திவிடுவாரோ? ஆண்டவரே, இப்போது மட்டும் வேண்டாம். எனக்கு இன்னும் நிறையக் கேட்க வேண்டும்.

கதவு தட்டுகிறது. அப்பாதான். "ஸ்டெல்லா, தூங்கிட்டியாம்மா? ஐயா சொன்னாரு. உன் வாயால அத இன்னொரு தடவ கேக்கணும்மா."