மோகனவேல் நீங்கள்தான் என்று தெரியாமல்

என் சியாமளா அம்மாவுக்கு,

மோகனவேல் நீங்கள்தானாமே!

தெரிந்து ஒன்பது நாளாகிறது. இன்னும் நம்ப முடியவில்லை. மேல்மாடி அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "செல்வி, கீழ எங்களுக்கு சீலிங் ஆடுது, கொஞ்சம் உக்காரு" என்று உங்கள் மகள் நித்யா அக்கா நேற்றுகூடக் கத்தினார்.

என் பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் உங்கள் கதை இருந்தது. அதைக் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மேல்படிப்புக்கு டெக்சாஸ் வந்து, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை கிடைத்து, பிளானோவில் வாடகை அறை தேடி ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், திறந்தது நீங்கள். புத்தக அட்டையில் இருந்த அதே முகம். மூன்று மாதம் உங்களிடம் "குட்மார்னிங்மா" தவிர நான் வேறெதுவும் பேசவில்லை.

குடும்பங்களுக்குள் உறைந்து கிடக்கும் துக்கங்களை நாற்பது வருடம் எழுதியவர் நீங்கள். உங்கள் நாவல்களில் யாரும் சத்தமாகச் சிரித்துக்கூட நான் பார்த்ததில்லை. நீங்களா துப்பறியும் கதை எழுதினீர்கள்?

ஒன்பது நாள் முன்பு சென்னையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. மோகனவேல் என்று பெயர், நம் வீட்டு முகவரி. "யாரு இந்த மோகனவேல்? ராங் அட்ரஸ், ரிட்டர்ன் பண்ணிடலாம்" என்றார் உங்கள் மாப்பிள்ளை. அக்காதான் பிரித்தார். உள்ளே 'அவினாசி சாலையில் ஆறு நிமிடம்' ஐந்து பிரதிகள், இரண்டாம் பதிப்பு. கூடவே பதிப்பாசிரியரின் கடிதம். அம்மா மறைந்து ஐந்து மாதமாகிவிட்டது, இனிமேலாவது உண்மைப் பெயரை வெளியிடலாமா என்று கேட்டிருந்தார்.

"அத்தையா? நம்ம அத்தையா கொலை பண்ணியிருக்காங்க?" என்றார் மாப்பிள்ளை.

"கொலைக் கதைங்க" என்று அக்கா திருத்தினார். பிறகு அவரே வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் புத்தகம் தெரியும் அம்மா. ஒருமுறை அல்ல, மூன்று முறை படித்திருந்தேன். அதைக் கிழித்துத் தோரணம் கட்டியவளே நான்தான்.

உங்களிடம் ஒருபோதும் சொல்லாத விஷயம் இது. நான்கு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. ஆனால் புத்தகங்களைப் பற்றி எழுதும் ஒரு தமிழ்த் தளத்தில் 'பூனைக்கண்' என்ற பெயரில் வாய் நீளும். அலுவலகத்தில் மென்பொருளுக்கு எழுதுகிற மாதிரியே எழுதுவேன். பிழை ஒன்று: எதிர்பார்த்தது இது, நடந்தது இது. பிழை இரண்டு. பிழை மூன்று. உங்கள் புத்தகத்துக்குப் பதினொரு பிழை போட்டேன்.

ஏழாவதுதான் எல்லோரும் பகிர்ந்து சிரித்தது. கொலைகாரன் மேல் சந்தேகம் வராமல் இருக்கக் காரணமே அந்த ஆறு நிமிடம்தான். கோயம்புத்தூர் அவினாசி சாலையில் ஒரு பள்ளிப் பேருந்து நிற்கிறது. குழந்தைகள் இறங்கி முடிக்கும்வரை இரண்டு பக்கமும் எல்லா வண்டிகளும் அசையாமல் காத்திருக்கின்றன. அதனால் அவனால் கொலை நடந்த வீட்டுக்கு அந்த நேரத்தில் போயிருக்க முடியாது! நான் எழுதினேன்: "இது அமெரிக்காவில் நடக்கும் காரியம். கோவையில் பள்ளிப் பேருந்துக்காக எதிர்ப்பக்க வண்டி நிற்கிறதாம். ஆசிரியர் கோவையை வரைபடத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார் போல."

கோவையிலேயே பிறந்து, அறுபது வயதுவரை அங்கேயே வாழ்ந்த உங்களைப் பார்த்து.

அந்தப் பேருந்து எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்து வேலை. மூன்று மணிக்கு உங்களை நூலகத்துக்கு அழைத்துப் போவேன். ஒருநாள் எதிரே வந்த மஞ்சள் பேருந்து நின்றது. அதன் பக்கவாட்டில் சிவப்புப் பலகை விரிந்தது. நானும் நிறுத்தினேன்.

"ஏன் கண்ணு நிறுத்திட்டே? அது அந்தப் பக்கந்தானே நிக்குது?"

"ரெண்டு பக்கமும் நிக்கணும்மா. மீறினா டிக்கெட் குடுத்து ஃபைன் போடுவாங்க."

"அட, ஒருத்தனும் ஹாரன் அடிக்கக் காணமே!" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை. ஆறு வருடம் இந்த ஊரில் உட்கார்ந்து எழுதினால், அவினாசி சாலையில்கூட வண்டிகள் நின்றுவிடும்தானே?

இத்துடன் முடிந்திருந்தால், வெட்கத்தோடு போயிருக்கும். ஆனால் அக்கா உங்கள் மடிக்கணினியைத் திறந்து தரச் சொன்னார். மோகனவேலின் இரண்டாவது நாவல் அதில் இருந்தது. பதினான்கு அத்தியாயம். கடைசியாகச் சேமித்த தேதியைப் பார்த்தேன். என் விமர்சனம் வந்தது ஒரு ஞாயிறு. நீங்கள் கோப்பைக் கடைசியாக மூடியது அதற்கடுத்த புதன். உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான். என்னால்தான் நின்றதா? 

மறுநாள் பதினான்காம் அத்தியாயத்தைப் படித்தேன். அதில் புதிதாக ஒருத்தி வருகிறாள். தங்கம் என்ற பெண் கான்ஸ்டபிள். பூனைக்கண். நான்கு பேர் இருந்தால் வாய் திறக்க மாட்டாள். பேசுவதற்கு முன் இடது காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பெரிய துப்பறிவாளரிடம் ஒரு காகிதத்தை நீட்டுகிறாள். "பிழை ஒன்று" என்று ஆரம்பிக்கிறது அது.

என் கை அப்போது என் இடது காதில் இருந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது! ஃபிரிட்ஜ் கதவில் நான் ஒட்டி வைத்த பட்டியல், பாத்திரம் கழுவும் மெஷினைப் பற்றி. "பிழை ஒன்று: எதிர்பார்த்தது, தட்டு சுத்தமாகும். நடந்தது, சட்னி அப்படியே இருக்கிறது." அதைப் படித்துச் சிரித்தவர் நீங்கள் ஒருவர்தான். பதினொரு பிழையில் முதல் வரியிலேயே என்னைக் கண்டுபிடித்திருப்பீர்கள்.

அப்படியானால் விமர்சனம் உங்களை நிறுத்தவில்லை. அதைப் படித்த பிறகுதான் இந்தப் பெண்ணை எழுதியிருக்கிறீர்கள். பின் எது நிறுத்தியது? புதன் கழிந்து இரண்டாம் நாள் வெள்ளி. அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நூலகம் போகும் வழியில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்.

"ஏங் கண்ணு, நீ இந்த டிடெக்டிவ் கதையெல்லாம் படிப்பியா?"

"சேச்சே, இல்லம்மா. அதெல்லாம் டைம் வேஸ்ட். உங்க எழுத்து மாதிரி சீரியஸா இருந்தாத்தான் படிப்பேன்."

"அப்படியா" என்றீர்கள். 

பெரிய எழுத்தாளர் முன்னால் மட்டமாகத் தெரியக் கூடாது என்று சொன்ன பொய் அம்மா அது. ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நான் அதை உங்கள் முகத்தில் அடித்து மூடியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தக் கோப்பை நீங்கள் திறக்கவே இல்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பூனைக்கண் நீயா? நீ பேசவே மாட்டியே!"

"எழுதுறப்ப பேசுவேன்க்கா."

அக்கா தழையைக் கீழே வைத்தார். "எதுக்கு வேணா நிறுத்தியிருக்கலாம், செல்வி. கண்ணு வலின்னு சொல்லிட்டிருந்தாங்க. உன்னாலதான்னு நான் சொல்ல மாட்டேன். உன்னால இல்லைன்னும் என்னால சொல்ல முடியலை." பிறகு, "என்கிட்டயும் சொல்லலையே அம்மா" என்று அழுதார். அருகில் நின்று மிச்சத் தழையை ஆய்ந்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

பதிப்பாசிரியர் வீடியோவில் வந்தார். உங்கள் பெயரிலேயே இரண்டாவதும் வரட்டும், வேறு யாராவது முடித்துக் கொடுக்கட்டும் என்றார். பதினான்காம் அத்தியாயம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தங்கம் ஒரு வீட்டு அழைப்பு மணியை அழுத்துகிறாள். உள்ளே காலடிச் சத்தம். அதோடு சரி. அவளைக் கொல்லப் போகிறீர்களா, ஜெயிக்க வைக்கப் போகிறீர்களா? கோபமா அம்மா, விளையாட்டா?

அக்கா போனை என் பக்கம் திருப்பினார். காதைத் தொடாமலே பேசினேன்.

"யாரும் முடிக்க வேண்டாம் சார். மோகனவேல் பேர்லயே, நின்ன இடத்துலயே நிக்கட்டும்."

"வாசகர்கள் ஏமாந்துடுவாங்களேம்மா?"

"ஏமாறட்டும் சார். நானும் அவங்கள்ள ஒருத்திதான்."

அக்கா சம்மதித்துவிட்டார். மோகனவேல் யார் என்பதை, உங்கள் நினைவாக வரும் இந்த மலரில் நானே சொல்லலாம் என்றும் அனுமதி தந்தார். அதனால்தான் ஊரறிய இந்தக் கடிதம்.

என் பதினொரு பிழைகளை அழிக்கப்போவதில்லை. அழித்தால் நீங்கள்தான் முதலில் கோபித்துக்கொள்வீர்கள். ஆனால் அவற்றுக்குக் கீழே இன்று முதல் என் சொந்தப் பெயர் இருக்கும். இனி யார் எந்தக் காரில் கேட்டாலும், எனக்கு எது பிடிக்கும் என்பதைப் பொய் இல்லாமல் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. தாமதமாகத்தான், ஆனாலும் முதலில் உங்களுக்கே சொல்கிறேன்.

ஆமாம்மா, படிப்பேன். உங்களுடையதை விடிய விடியப் படித்தேன். கொலைகாரன் யாரென்று கடைசிப் பக்கம்வரை எனக்குத் தெரியவே இல்லை.

உங்கள் வீட்டு மேல்மாடி மகள்,
முத்துச்செல்வி
பிளானோ, டெக்சாஸ்