துக்கமணி அடிக்காத பிற்பகல்

மாதா கோவில் மணிக்கு இன்று புதுக் கயிறு மாட்டினோம், நண்பா. துறைமுகத்திலிருந்து வந்த கயிறு. தார் வாசனை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. உபதேசியாராகும் முன் நீ படகுகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாய். அப்போது உன் சட்டையில் இதே வாசனைதான். பூசையில் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். நீ சிரிப்பாய்.

நாம் இருவரும் ஒரே ஞாயிறன்று பொறுப்பேற்றோம். நான் கோவில்பிள்ளை, மணியும் மெழுகுவர்த்தியும் சாவியும் என் பாடு. உனக்கு வெளிவேலை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை நடந்து, கப்பலில் கரி இறக்கும் கூலிகளின் குடிசைகளில் செபம் சொல்லிக்கொடுத்தாய். இரண்டே வருஷத்தில் அந்தக் குடிசைகளில் பாதிப் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பங்குச் சாமியாருக்கு மகிழ்ச்சி. ஊர்ப் பெரியவர்களுக்கு இல்லை. பூசையில் கூலிகளைக் கடைசியில் சுவரோரமாக உட்காரவைத்தார்கள். துக்கமணி ஊர்க்காரர்களின் சாவுக்கு மட்டும் என்று என்னிடம் கண்டித்துச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

விஷக்காய்ச்சல் வந்த வருஷம் அது. ஒரு பிற்பகல் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாய். கரிக்கூலி ஒருவரின் ஐந்து வயது மகள் இறந்திருந்தாள்.

"சாமியார் மணலிப் பக்கம் பூட்டாரு. குடிசயில பொணத்த எடுக்கப் போறாங்க. நாலு அடி அட்சிடுப்பா."

"பெரியவங்க வாணான்னு சொல்லிக்கீறாங்க. அவங்க தாத்தாமாரு கல்லு சுமந்து கட்ன கோவிலாம்."

"கொழந்தப்பா அது. அவ தாயி மணிச் சத்தத்துக்குக் காத்துகினு கீறா."

"என் வேல பூடும்."

நீ கோபப்படவில்லை. மேஜைமேலிருந்த சின்னச் சிலுவையை எடுத்துக்கொண்டாய். "சரி, நானே பாடிகினு போறேன்" என்றாய். தெருமுனை திரும்பும்வரை உன் பாட்டு எனக்குக் கேட்டது. மணிக்கயிறு எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

பதினோராம் நாள் அதே காய்ச்சலில் நீயும் போய்விட்டாய். "நல்லா அடி" என்று பெரியவர்களே சொன்னார்கள். கை மரத்துப்போகும்வரை அடித்தேன். முடித்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் அந்தத் தாய்.

"மணி நல்லாத்தானே கீது?" என்றாள். "எம் பொண்ணுக்கு மட்டும் ஏன் அடிக்கல?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுத்தது நான்தான் என்று தெரியாமல்தான் அவள் கேட்டாள்.

அடுத்த மாதம் அதே குடிசைகளில் ஒரு கிழவர் இறந்தார். யாரையும் கேட்காமல் அடித்தேன். பெரியவர்கள் ஏசினார்கள், ஒரு வாரம் முணுமுணுத்தார்கள், விட்டுவிட்டார்கள். வேலை போகவில்லை. இவ்வளவு சின்னப் பயத்துக்காகவா அன்று உன்னைத் தனியாக அனுப்பினேன்?

இப்போது எல்லாருக்கும் அடிக்கிறேன். புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார் இது இந்தப் பங்கின் பழைய வழக்கம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். உன்னைப் பற்றிச் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். சொன்னால் என்னைப் பற்றியும் சொல்லவேண்டுமே.

போன கல்லறைத் திருநாளில் அந்தத் தாயைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு மண்மேட்டில் மெழுகுவர்த்தி நட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முழங்காலிட்டேன்.

"பாப்பா பேரு இன்னாம்மா?" இத்தனை வருஷத்தில் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அருளாயி. உபதேசியார் வெச்ச பேரு."

செபமாலை முடிந்ததும் தினமும் உன் பெயரைச் சொல்லி வேண்டுவது என் வழக்கம். அன்றிலிருந்து அவள் பெயரை முதலில் சொல்கிறேன். உன் பெயர் அதற்கு அடுத்துத்தான் வருகிறது.