பகல் மாத்திரை

தம்மாம்
சவூதி அரேபியா
12.02.2004

அன்பு மஸீனா,

அல்லாஹ் உன்னை நலமாக வைத்திருப்பானாக. மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசி. என் இரண்டு விதையிலும் கட்டியாம். அடுத்த மாதம் இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்கிறார் இங்குள்ள டாக்டர். சின்ன வயதிலிருந்து போடும் சுரப்பி மாத்திரையை நான் விடவில்லை. நோன்பில் பழகியபடி இரவில் மட்டும் போடுகிறேன். பகலில் யாராவது கண்டால் நோயாளி என்று கம்பனி திருப்பி அனுப்பிவிடும்.

ஐந்து வருடம் பிள்ளைக்காகக் காத்திருந்தாய். இனி எதற்கு? பிரிவதென்றால் தடுக்கமாட்டேன். உன் வாப்பாவிடம் நானே பேசுகிறேன்.

மஹ்மூத்

அக்குறணை
26.02.2004

மச்சானுக்கு ஸலாம்.

போன் கடையில் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க இதைப் பேசலாமா? நாளை தம்மாமுக்குப் பறக்கும் பக்கத்து வீட்டு முனாப் நானா கையில் இதைக் கொடுக்கிறேன்.

உங்கள் பழைய மருந்துச் சீட்டோடு கண்டிக்குப் போய்ச் சுரப்பி டாக்டரைப் பார்த்தேன். "இந்தப் பிறவி நோயைப் பத்தி அங்க சொன்னாரா?" என்றுதான் முதலில் கேட்டார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியின் துணுக்கு சிலருக்குக் கருவிலேயே விதைக்குள் தங்கிவிடுமாம். மாத்திரை குறைந்தால் அது வீங்கிக் கட்டியாகுமாம். அப்படியென்றால் புற்றுநோய் இல்லையாம், ஒழுங்காக மருந்து போட்டால் பெரும்பாலும் சுருங்குமாம். நோயை மறைத்தால் அங்குள்ளவருக்கு எப்படித் தெரியும்? நல்ல மனிசன்தான் நீங்க! இதைச் சொல்லி, இரத்தம் சோதித்துப் பார்க்காமல் கத்தி வைக்க விடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மஸீனா

தம்மாம்
18.05.2004

மஸீனா,

எல்லாம் சொன்னேன். டாக்டர் நன்றாக ஏசினார். இரத்தம் பார்த்துவிட்டு ஒபரேஷனை நிறுத்திவிட்டார். இப்போது பகலிலும் மாத்திரை போடுகிறேன். கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கம்பனியும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை கிடைக்குமா என்று கேட்டால் டாக்டர் கையை விரிக்கிறார்.

உம்மாவுக்குப் போன் எடுத்து, "குறை என்னிலதான் உம்மா, மஸீனாவில இல்ல" என்று சொல்லிவிட்டேன். இனி அவர் உன்னை மலடி என்று ஏசமாட்டார். நீ போனாலும் உன்மேல் பழி வராது.

மஹ்மூத்

அக்குறணை
02.06.2004

மச்சான்,

கட்டி சுருங்கிய செய்தி கண்டதும் இரண்டு ரக்அத் தொழுதேன்.

நேற்று மாமி, உங்கள் உம்மாவேதான், வந்தார். கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு மருதோன்றி வைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டவர் அவர். இஞ்சித் தேத்தண்ணியைக் குடிக்காமல் தள்ளி வைத்துவிட்டு, "மகள், எனக்கு மாப்புத் தாங்க" என்று அழுதார். "எனக்குக் கொஞ்ச நாள் வேணும் மாமி" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. இன்று காலையிலும் வந்து என்னோடு அரிசி புடைத்தார்.

நீங்கள் என்னவென்றால் இரண்டு கடிதத்திலும் போ, போ என்கிறீர்கள். என்னை யாரும் இங்கே கட்டிப்போட்டிருக்கவில்லை. பிள்ளைக்காக மட்டும் இருந்திருந்தால் எப்போதோ போயிருப்பேன். உங்களுக்காகத்தான் இருக்கிறேன், இது கூடத் தெரியாதா? லீவு கேட்டு வந்து சேருங்கள்.

உங்கள் மஸீனா