தலை தடித்த முட்கள்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து எலி மூளை. கறுப்புச் சாயம் ஊறிய துண்டுகளில் நரம்புக்கலக் கிளைகளைத் தேடி, அதில் துருத்தும் முட்களை எண்ணுவதுதான் என் கலாநிதிப் பட்ட ஆய்வு. மூன்று வருடமாக இதே வேலை. அரைவாசி எலிகள் குடித்தது ஞாபகசக்தி கூடுமென்று ஒரு கம்பனி விற்கும் மூளைப் பாணி மருந்து, மற்றவை குடித்தது பைப் தண்ணி. முட்கள் கூடினால் பாணி வேலை செய்கிறது. கூடவில்லை.

என் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் சிவபாதசுந்தரம் சேரிடம் சொன்னேன். கம்பனி செலவழிக்கும் ஆய்வில் பாணி வேலை செய்யாதது ஏதோ என் வளர்ப்புக் குறை மாதிரிப் பார்த்தார்.

மார்ச் 5

பேராசிரியப் பெருமானின் புது யோசனை: "மயிர் மாதிரி நீட்டிக்கொண்டு நிக்கிறதையும் எண்ணும் பிள்ளை. அதுவும் முள்ளுத்தானே."

இல்லை. காளான் மாதிரித் தலை தடித்து நிற்பதுதான் உறுதியான முள். மயிர் மாதிரி இருப்பது இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இராது. இது இவருக்கு நல்லாத் தெரியும், அதுதான் அசிங்கம். பாணி எலிகளில் மயிர் நிறைய.

மாட்டேன் என்றேன். "அப்ப உம்மட தீசிஸுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது?" என்றார், சிரித்துக்கொண்டு.

மார்ச் 6

பக்கத்து மேசைத் துஷ்யந்தி மயிர் எண்ணுகிறாள். அவளுக்கு ஜேர்மனி போகச் சேரின் கடிதம் வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

பாணிக் கம்பனி டிரக்டர் பூபாலசிங்கம் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய சென்ட் வந்தது.

எங்கள் லாப்பில் ஒரு வழக்கம். எண்ணுகிறவருக்கு எது எந்த எலி என்று தெரியக்கூடாது. அதனால் ஒவ்வொரு ஸ்லைட்டின் பெயரையும் டெக்னீசியன் நப்ரீஸ் பிளாஸ்ரர் ஒட்டி மறைத்துவிடுவான். சேருக்கு அதெல்லாம் தேவையில்லையாம். "என்ர கண்ணுக்குப் பார்த்த உடனே தெரியும்." மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒன்றில் நின்றார். "பாருங்கோ, என்ன அடர்த்தி. எல்லாம் தலை வைச்ச முள்ளு. இதுதான் உங்கட பாணி." படம் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். நல்ல படம்தான், பொய் சொல்லக்கூடாது.

"பிளாஸ்ரரை உரிக்கச் சொல்லட்டோ சேர்?" என்று கேட்டேன்.

தாராளமாக என்றார். நப்ரீஸ் உரித்தான். தண்ணி எலி.

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடை துடையென்று துடைத்தார். டிரக்டர் மட்டும் கலங்கவில்லை. "படம் வடிவா இருக்கு, எனக்கு அனுப்பிவிடுங்கோ" என்றார்.

பிறகு நப்ரீஸ் சொல்கிறான்: "நீங்க உரிக்கக் கேட்டிருக்கத் தேவல்ல மிஸ். சேர் பாவம்." பாவமாம்.

ஏப்ரல் 2

ஆய்விதழுக்குச் சேரின் கட்டுரை போகிறது, மயிர்களோடு. என் பெயரை எடுக்கச் சொன்னேன். எடுத்தால் தீசிஸும் இல்லை என்றார். எடுங்கோ என்றேன்.

மூன்று வருஷம் — எத்தனை எலி, எத்தனை நாள் கண்ணெரிவு. பஸ்ஸில கொட்டாஞ்சேனை வரும் மட்டும் அழுதுகொண்டு வந்தனான். இந்த மனிசனுக்காகவா அழுதனான்? சீ.

மே 9

வேறொரு லாப் நடத்தும் றொசானா மேடம் என்னைச் சேர்த்துக்கொண்டா. முதல் எலியிலிருந்து தொடங்கவேண்டும். மேடம் கேட்ட முதல் கேள்வி: "பிளாஸ்ரர் ஒட்டப்போறது ஆர்?"

ஜூலை 19, சனி

எங்கள் தெரு றோஸி அக்கா வீட்டில் பகல் சாப்பாடு. மேசையில் மூளைப் பாணி. அக்காவின் மகளுக்கு அடுத்த மாதம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை.

"வெள்ளவத்தையில வாங்கினனான். உன்ர பழைய சேர்தானே பேப்பரில சொல்லியிருக்கிறார்."

"அதில ஒண்டுமில்லை அக்கா. அந்தாள் பொய்யன்."

"யூஜினா, உனக்கு எல்லாரும் மூளையில்லாத மொக்குகள்."

ஓம், பெரும்பாலும்.

போத்தலைத் திருப்பினேன். லேபிளில் ஒரு நரம்புக் கிளை, நிறையத் தலை தடித்த முட்கள். நான் எடுத்த படம்.

"அன்ரி, இது ஆரின்ர மூளை?" என்று மகள் கேட்டாள்.

"தண்ணி மட்டும் குடிச்ச எலியின்ர."

பிள்ளை லேபிளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தது. பிறகு பாணிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணிக் கிளாஸை எடுத்தது.