மழை நாள்

தனுவின் அம்மாவுக்கு,

ஓப்பநாயக்கவில் உன் அம்மாவுக்குக் கால்வலி இன்னும் குறையவில்லையா? நீயும் தனுவும் போய்ப் பதினோரு நாளாகிறது.

குடும்பங்களைப் பற்றி விசாரித்து எழுத வந்தாரே ஒரு மிஸ், அவருடைய கேள்விதான் என் மண்டைக்குள் சுற்றுகிறது. "எந்த நாள் உங்களுக்கு ரொம்ப சந்தோஷம்?" என்று வாசலில் என்னிடம் கேட்டார். "மழை பெஞ்சா ரப்பர் மரத்துல பால் வெட்டு இல்லீங்க மிஸ். ரெண்டு பேரும் வீட்லயே இருப்போம். அந்த நாள்தான்" என்றேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த உன்னிடமும் அதையே கேட்டார். "வெட்டு இருக்கிற நாள்தாங்க. மழை பெஞ்சா எப்படா வேலைக்குப் போவோம்னு இருக்கும்" என்றாய். அவர் முன்னால் வெட்கமாகிப் போனதால்தான் அவர் போன பிறகு உன்னிடம் கத்தினேன்.

நான் உன்னை அடித்ததில்லை. மழை நாளில் நீ ரொட்டி சுடுவாய், ஐந்தாறு தரம் பிளேன்டீ ஊற்றித் தருவாய், நான் படுத்துக்கொண்டே கதை சொல்வேன். நீ சிரிப்பாயே, அது சிரிப்பில்லையா? ஒரே காம்பராவில், ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு எனக்கு நல்ல நாள் உனக்கு எப்படிக் கெட்ட நாளானது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இங்கே நாலு நாளாக விடாத மழை.

காலையில் ரொட்டி சுடலாமென்று உட்கார்ந்தேன். விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். நீ இதை எப்படிப் பற்றவைப்பாய்? பதினாலு வருஷமாக அடுப்புக்கு இந்தப் பக்கம்தான் படுத்திருந்தேன். ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுதும்,
உன் வீட்டுக்காரன்