ஸ்ட்ரோம்ஸ்டாட்டில் குடியிருந்த என் அப்பாவுக்கு

என் ஆசை அப்பா,

கடைசியில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். போன சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வர ஏலாது என்று சொல்லிவிட்டு, ஸ்வினெசுண்ட் பாலத்தைத் தாண்டி சுவீடனுக்குள் வந்தேன். எங்கள் வாசலிலிருந்து உங்கள் வாசலுக்கு இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. நீங்கள் கூப்பிட்ட போதெல்லாம் பனி, வேலை, தூரம் என்று நான் சொன்ன அந்தத் தூரம் இவ்வளவுதான். இதே பாலத்தைத் தாண்டி மலிவாகக் கோழி வாங்க எத்தனை தரம் வந்திருப்பேன்? பெட்டி பெட்டியாகக் காரில் ஏற்றிக்கொண்டு, உங்கள் தெருவுக்குத் திரும்பாமல் நேரே ஒஸ்லோவுக்குப் போனவள்தானே நான்.

கதவைத் திறந்தது சின்னம்மா. ஓம் அப்பா, சின்னம்மா என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை “அந்த மனுசி” என்றேன், உங்கள் காதுபடவே சொன்னேன். என்னைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பவில்லை. “வாங்கோ பிள்ளை, சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், நிலம் குளிர்” என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இதை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுங்கோ.

அம்மா போய் மூன்றாவது திவசத்துக்கு நீங்கள் ஊருக்குப் போனீர்கள். திரும்பி வந்து, தவமணி என்று ஒருவரைக் கல்யாண எழுத்து எழுதிவிட்டு வந்தேன் என்றீர்கள். இந்தச் சின்னம்மாதான்: ஐம்பத்தைந்து வயது, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை, சண்டைக்குள் தம்பி தங்கைகளைப் பார்த்ததில் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய்விட்ட மனுசி. “உங்களுக்கு இது பொம்பிளை பாக்கிற வயசோ?” என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. “கொஞ்ச நாள் தனிய இருந்து சாப்பிட்டுப் பார் பிள்ளை” என்றீர்கள். நான் அன்றிரவு உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டேனா? இல்லை.

நோர்வேயின் வடக்குக் கரையில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டி வெட்டி இரண்டு தோளும் போய், ஒஸ்லோவில் அரைநேரத் துப்புரவு வேலை செய்தவர் நீங்கள். நோர்வேக் கடவுச்சீட்டு எடுத்து எத்தனையோ வருடம். ஆனால் மனைவியைக் கூப்பிடுவதற்கு நோர்வே கேட்ட வருமானத்துக்கு அந்தச் சம்பளம் எட்டவில்லை, விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறகுதான் யாரோ இந்த வழியைச் சொன்னார்கள். நோர்வேக்காரர் ஒருவர் இன்னொரு ஐரோப்பிய நாட்டுக்குப் போய், அங்கே உண்மையாக வேலை செய்து குடியிருந்தால், மனைவி எந்த நாட்டவர் என்றாலும் கூட இருக்கலாம். சம்பளம் குறைவு என்று மறிக்க மாட்டார்கள்.

“பாத்தியோ பிள்ளை, என்ரை நாட்டிலை என்ரை மனுசியை வைச்சிருக்க ஏலாது. பாலத்துக்கு அங்காலை போனால் நான் ஐரோப்பியன்” என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. எல்லையோரக் கடைத்தொகுதியில் நிலம் துடைக்கும் வேலை எடுத்து, ஸ்ட்ரோம்ஸ்டாட்டில் இரண்டு அறை வீடு பார்த்து, சின்னம்மாவைக் கூப்பிட்டீர்கள். ஒஸ்லோத் தமிழ்ச் சனம் முழுக்க இறைச்சி வாங்க வரும் இடத்திலா இந்த மனிசனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் எனக்கு எரிச்சல் வந்தது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

சின்னம்மா வந்து இறங்கிய கிழமை, விலாசத்தை சுவீடனுக்கு மாற்றிப் பதியப் போகிறேன் என்று சொல்ல நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அப்போது உங்கள் பதிவு எங்களோடு, ஒஸ்லோவை ஒட்டிய லோரன்ஸ்கூக் வீட்டில் இருந்தது. நான் என் மகள் ஆரபி பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்தியவீட்டின் அழைப்பிதழைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபம் கிடைத்தது ஐந்து மாதம் கழித்து.

“இப்ப பதியாதேங்கோ அப்பா. ஆரபியின்ரை சாமத்தியவீடு முடியட்டும்.”

“அது ஒரு படிவம்தானே பிள்ளை. ஆர் பாக்கப் போகினம்?”

“எங்கடை சனம் எல்லா அரசாங்கக் கந்தோரிலையும் இருக்குது. உங்களை மேடையிலை இருத்திப்போட்டு, பின்னாலை குசுகுசு எண்டு கதைக்கிறதை நான் கேட்டுக்கொண்டு நிக்கவோ?”

நீங்கள் தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்தீர்கள். “சரி பிள்ளை, உன்ரை விருப்பம்” என்றீர்கள். அதன் பிறகு ஐந்து மாதம், வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்து ஒஸ்லோக் கோயிலில் தலைகாட்டிவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பிப் போனீர்கள். சனத்துக்கு முன்னால் ஒஸ்லோக்காரராக இருக்க வேண்டும் என்பதற்காக. நான் ஒரு நாளாவது உங்களைப் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை அப்பா.

சாமத்தியவீட்டுக்கு சின்னம்மா பயற்றம் பணியாரம் சுட்டு, நான்கு பெட்டியில் அடுக்கி உங்களிடம் தந்துவிட்டார். நல்லாயிருக்குது, ஆர் சுட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம் “ஓடருக்குச் செய்விச்சது” என்றேன். நீங்கள் பட்டுவேட்டியோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அடுத்த திங்கட்கிழமை போய் விலாசத்தைப் பதிந்தீர்கள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். ஒரு காலை வேலைக்கு வெளிக்கிட்டு, உடுப்புப் போட்டபடியே கட்டிலில் சாய்ந்தீர்களாம். மாரடைப்பு.

உங்களை ஒஸ்லோவுக்குக் கொண்டு வந்தோம். மரண அறிவித்தலை நானே எழுதினேன். தமிழ் படிப்பிக்கிறவள் அல்லவா, எழுத்துப் பிழை ஒன்றும் விடவில்லை. “நோர்வே ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட” என்று எழுதினேன். அம்மாவின் பெயரைப் போட்டு, காலஞ்சென்ற அவரின் அன்புக் கணவர் என்று எழுதினேன். மகள், மருமகன், பேத்தி, மைத்துனர்மார், கனடாவிலிருக்கும் சகலன் வரை எல்லாரும் அதில் இருந்தார்கள். உங்களுக்குச் சோறு போட்டு, உங்கள் தோளுக்கு எண்ணெய் தேய்த்து, உங்கள் கண்ணை மூடிவிட்டவரின் பெயர் இல்லை.

அவர் பஸ்ஸில் தனியே வந்தார். வெள்ளைச் சேலையும் கறுத்தக் குளிர்க்கோட்டும். கடைசி வரிசையில் இருந்தார். கிரியை முடிந்து கோப்பி குடிக்கும்போது கோயிலில் தெரிந்த மாமி ஒருவர் என்னிடம் கேட்டார், “ஆர் பிள்ளை அந்த மனுசி, அப்பிடி அழுகுது?” நான் சொன்னேன், “அப்பாவோடை வேலை செய்தவ.” சின்னம்மா கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டு நின்றார், எட்டித் தொடும் தூரம். கேட்டிருக்கும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன் அப்பா. ஆறு கிழமைக்கு முன்னர் சுவீடிஷ் சட்டத்தரணி ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். இளம் பெண், நான் நோர்வேஜிய மொழியில் கதைக்க, அவர் தன்னுடைய மொழியில் ஆறுதலாகக் கதைத்தார். கணவர் இறந்த பிறகும் மனைவி அங்கே இருக்கலாம், ஆனால் இறப்பதற்கு முன்னர் ஒரு வருடமாவது அந்த நாட்டில் அவரோடு சேர்ந்து குடியிருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். சின்னம்மா இருந்தது பதின்மூன்று மாதம். கடதாசியில் எட்டு. முதல் ஐந்து மாதம் நீங்கள் ஒஸ்லோவில் இருந்துகொண்டு வேலைக்கு மட்டும் வந்துபோனவர் என்று குடிவரவு அலுவலகம் எழுதிவிட்டது. நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம். மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள்.

“இலங்கைத் தமிழர்கள் செத்தவீட்டு அறிவித்தலில் குடும்பத்தார் எல்லாருடைய பெயரும் போடுவீர்களாமே, எங்கே வாழ்ந்தார் என்றும் போடுவீர்களாமே? அதை மொழிபெயர்த்து அனுப்ப முடியுமா? நல்ல சான்றாக இருக்கும்” என்று கேட்டார். அதிலே அவருடைய பெயர் இல்லை, ஊரும் ஒஸ்லோ என்றுதான் இருக்கிறது என்று சொன்னேன். பிறகு, “அப்படியென்றால் உங்கள் அப்பா ஏன் ஐந்து மாதம் பதியவில்லை என்று தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டார். இருக்கிறார், நான்தான் என்றேன்.

அதைச் சாட்சிக் கடிதமாக எழுதித் தரச் சொன்னார், எழுத எட்டு நாள் எடுத்தது. தூரம் காரணம், வேலை காரணம், மறதி காரணம் என்று எத்தனை விதமாக எழுதிப் பார்த்தேன் தெரியுமா? சாப்பாட்டு மேசையில் கிடந்ததை ஆரபி எடுத்து வாசித்துவிட்டாள். பதின்மூன்று வயது, இப்போது என்னைவிட உயரம்.

“என்ரை ஃபெஸ்டுக்காகவோ?” என்று கேட்டாள். தன்னுடைய விழாவுக்காகவா என்று. “அப்பப்பாவை நீங்கள் எனக்காக எண்டு சொல்லி மறிச்சனீங்களோ? நான் கேட்டனானோ அம்மா?” பிறந்ததிலிருந்து அவள் உங்களை அப்பப்பா என்றுதான் கூப்பிட்டாள், அம்மப்பா என்று நான் எத்தனை தரம் திருத்தியும் கேட்கவில்லை. அன்று நான் திருத்தவில்லை. “இல்லை, எனக்காகத்தான்” என்றேன். அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த இரவுதான் உண்மையான காரணத்தை எழுதினேன்: அப்பாவின் மனைவியை வெளியே காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் பதிய வேண்டாம் என்று அவரை மறித்தது நான்.

அனுப்புவதற்கு முன்னர் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றுதான் போன சனிக்கிழமை வந்தேன். உங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கீழ்வீட்டு சுவீடிஷ் மனுசியும் ஒரு கடிதம் எழுதித் தந்திருக்கிறார், முதல் மாதத்திலிருந்தே ஒவ்வொரு வியாழக்கிழமையும் உங்கள் இருவரையும் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் கண்டதாக. நீங்கள் துவாய் மடிக்கத் தெரியாமல் நிற்பீர்களாம். அதைச் சொல்லும்போது சின்னம்மா ஒருதரம் சிரித்தார்.

என்னுடைய கடிதத்தில் வெட்கம் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதை எடுத்துவிடுங்கோ பிள்ளை. வேறை ஆக்கள் வாசிக்கிறது. உங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?”

“எடுத்தால் வழக்கு நிக்காது சின்னம்மா. அதுதான் காரணம்.”

அவர் எழும்பி அடுப்பை நிறுத்தினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மிச்சத்தைச் சொன்னார்.

“அது முழுக்க உண்மையில்லை பிள்ளை. பதியப் பிந்தினால் எனக்குத்தான் பின்னடிக்குப் பிரச்சினை வருமெண்டு இஞ்சை பதிவுக் கந்தோரிலை அவருக்கு அப்பவே சொன்னவை. வந்து என்னட்டைக் கேட்டவர், என்ன செய்வம் எண்டு. நான்தான் சொன்னனான், பிள்ளைக்கு வெக்கமாயிருக்குமெண்டால் பொறுப்பம், ஐஞ்சு மாசம்தானே எண்டு.”

அப்பா, இதை நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மாறியிருப்பேனா? ஓம் என்று எழுத ஆசை. உங்கள் மகள் கௌரி அந்த நேரம் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும், எழுத முடியவில்லை.

சின்னம்மா சொன்னதையும் கடிதத்தின் அடியில் சேர்த்து, அங்கேயே கையெழுத்து வைத்து அனுப்பினோம். சட்டத்தரணி நேரடி விசாரணை கேட்டிருக்கிறார். வெல்லுமா என்று கேட்டால், “இப்போது பதில் என்று ஒன்று இருக்கிறது” என்கிறார், அதற்கு மேல் சொல்கிறாரில்லை. உங்கள் மரண அறிவித்தல் வந்த அதே பக்கத்தில் இந்தக் கடிதத்தையும் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை வாசித்த எல்லாரும் இதையும் வாசிக்க வேண்டும். கோயில் மாமியும்.

விசாரணை நாளில் சின்னம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் நான் இருப்பேன் அப்பா. இவர் யார் என்று நீதிபதி கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தால், அவரைத் தனியே விமானம் ஏற விடமாட்டேன், நானும் கூடப் போவேன். ஊரில் அவருடைய ஆட்கள் ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்பார்கள். அதற்கு அவர் பதில் சொல்லக் கூடாது. நான் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்,
தவமணி சின்னம்மா இன்னும் “பிள்ளை” என்று கூப்பிடுகிற,
கௌரி