உங்கள் பானையில் வெந்த நண்டு

அண்ணை,

காலையில் கதிரை வைத்து ஏறி, பிரிட்ஜுக்கு மேலிருந்து உங்கள் பானையை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் ஒரு வாசம் வந்தது. இரண்டு குளிர்காலம் மூடிக் கிடந்த பாத்திரத்தில் வெறும் அலுமினிய வாசம்தான் வரவேண்டும். எனக்கு வந்தது, கடலையும் கோதுமையும் உருளைக்கிழங்கும் இரவு முழுக்க வெந்து, உள்ளே கிடந்த முட்டைகள் ஓட்டோடு மண்ணிறமாகிப்போன உங்கள் வீட்டுச் சனிக்கிழமை மத்தியான வாசம். அதற்கு அடியில் இன்னொரு வாசமும் இருப்பதாக மூக்கு சொன்னது. மூக்குக்கு மனச்சாட்சி உண்டென்று, பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை இரண்டு தரம் எடுத்தும் எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

இரண்டு மணிக்கு மிரியாம் வருகிறாள். உங்கள் மகள் வன்கூவரை விட்டு மொன்றியலுக்கே திரும்பிவிட்டாள், கைக்குழந்தையோடு. "அங்கிள், அப்பாவின்ர பானையை எடுக்க வாறன். இந்த வெள்ளிக்கிழமை அடுப்பில ஏத்தவேணும்" என்று போனில் சொன்னாள். "ஓம் பிள்ளை, வா" என்றேன். சொல்லவேண்டிய மற்றதைச் சொல்லவில்லை. சொல்லாமல் பானையைக் கொடுத்தாலும் அவளுக்கு ஒருநாளும் தெரியவராது. அவள் வருமுன் உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிந்த தமிழ் "தம்பி"யும் "ஓம்" என்பதும்தான். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

கோட்-டெ-நெய்ஜ் கட்டடத்தில் நீங்கள் இரண்டாம் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. நீங்கள் கசபிளாங்காவில் பிறந்த யூதர். மனைவியை இழந்து, ஒன்பது வயது மகளுக்குத் தானே சமைத்துப் போட்டவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவன். என்னுடைய பிரெஞ்சும் வாளியோடும் துடைப்பத்தோடும் படித்த பிரெஞ்சுதான். நாங்கள் கதைத்ததெல்லாம் அதில்தான். ஒருநாள் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல மேலே வந்த நீங்கள், எங்கள் குசினியின் மேல்தட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த சட்டி பானைகளைக் கண்டீர்கள்.

"இதுகள் ஏன் புறம்பா?"

"வெள்ளிக்கிழமைப் பாத்திரங்கள் அண்ணை. அண்டைக்கு நாங்கள் சைவம். மீன் இறைச்சி பட்ட சட்டியில சமைக்க மாட்டம்."

குழாயை மறந்து கதிரையில் இருந்துவிட்டீர்கள். உங்கள் வீட்டிலும் பாலுக்கு ஒரு வரிசைப் பாத்திரம், இறைச்சிக்கு வேறு வரிசை. "இந்த ஊரில இதை ஒருத்தருக்கும் நான் விளங்கப்படுத்தி முடிச்சதில்லை. நீ எனக்கு விளங்கப்படுத்துறாய், தம்பி" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பால் வந்ததுதான் எல்லா வினையும்.

என் மைத்துனர் குடும்பம் எங்கள் ஸ்பொன்சரில் ஊரிலிருந்து வந்து இறங்கிய கிழமை, சாப்பாட்டுக்குப் பதினெட்டுப் பேர். பெரிய பானை கேட்டு உங்களிடம் வந்தேன். உங்கள் அம்மா கப்பலில் கொண்டுவந்த பானை. வேறு யாருக்கும் அதைக் கொடுத்திருக்க மாட்டீர்கள். "என்ன சமைக்கப் போறாய்?" என்று ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "சோறு மட்டும்" என்றேன். சத்தியமாக அப்போது அது உண்மை.

பிறகு நண்டு வந்தது. எங்கள் சட்டியில் போட்டால் கால்களெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு, ஓடப்போகிறவை போல நின்றன. சோற்றை எங்கள் சட்டிகள் இரண்டில் பங்கிட்டுவிட்டு, நண்டை உங்கள் பானையில் இறக்கினேன்.

"இஞ்சாருங்கோ, அது அந்த மனிசன் சுத்தமா வைச்சிருக்கிற பானை" என்றாள் என் மனைவி.

"கழுவினாச் சரி" என்றேன்.

உங்கள் வேதப்படி நண்டு ஆகவே ஆகாது என்று எனக்குத் தெரியாமலில்லை. வெள்ளிக்கிழமைச் சட்டியில் யாராவது கருவாடு பொரித்திருந்தால் நான் ஊரைக் கூட்டியிருப்பேன். புளி போட்டு மூன்று தரம் தேய்த்தேன். திருப்பித் தந்தபோது, "முகம் பாக்கலாம் போல கிடக்கு" என்றீர்கள். நான் மட்டும் அதில் முகம் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து எங்களைச் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டீர்கள். மொன்றியலில் எங்களை முதல்முதல் சாப்பிடக் கூப்பிட்ட வீடு உங்களுடையது. வெள்ளி பொழுதுபடுமுன் பானையை ஏற்றிவிட்டு, ஓய்வுநாளான சனி பொழுதுபடும்வரை நெருப்பைத் தொடமாட்டீர்கள் என்று மிரியாம் எங்களுக்கு வகுப்பெடுத்தாள். நான் கரண்டியைத் தூக்கமுன் நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"தம்பி, ஒண்டு சொல்லவேணும். நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுறேல்லை எண்டபடியால் இண்டைக்குக் கோழி போட்டனான். ஆனா இந்தப் பானை பிறந்த நாள் தொடங்கி மாடுதான் கண்டது. மனசுக்குச் சரியில்லையெண்டால் சொல்லு. முட்டை வேற சட்டியில அவிச்சதும் இருக்கு."

மேசைக்குக் கீழே மனைவி என் காலை மிதித்தாள். இப்போது சொல்லு என்ற மிதி. "பரவாயில்லை அண்ணை" என்று சொல்லி வாயில் அள்ளிப் போட்டேன். பெருந்தன்மை என்று நினைத்தீர்கள். அதற்குப் பிறகு பதினெட்டு வருசம், நாங்கள் வருகிற சனிக்கிழமைகளில் உங்கள் வீட்டில் மாடு வேகவில்லை. வந்த சொந்தக்காரரிடம் என்னைக் காட்டி, "சுத்தமான பாத்திரம் எண்டால் என்னெண்டு இவனுக்குத் தெரியும்" என்பீர்கள். வாய் நிறையச் சாப்பாடு இருப்பது அந்த நேரங்களில் எவ்வளவு வசதி தெரியுமா.

ஞாயிறுகளில் எங்களையும் பிள்ளைகளையும் நடக்கக் கூட்டிப்போவீர்கள். சென் லோறன் தெருப் பக்கத்துப் பழைய வீடுகளின் வெளிப்படிகளில் ஏறி, யாருடைய வாசலென்றும் பாராமல் கதவு நிலையைத் தடவிக் காட்டுவீர்கள். தோள் உயரத்தில், சாய்வாக, ஒரு விரல் நீளத்துக்குத் தடம். வேதவரிகளைச் சுருட்டி வைத்த சின்னக் கூடு அங்கே அறைந்திருந்ததாம். யூதக் குடும்பங்கள் போய், கூட்டைக் கழற்றி, எத்தனை தரம் பெயின்ற் அடித்தும் தடம் கிடக்கிறது. பிள்ளைகள் அடுத்த தடத்தைத் தேடி ஓடினார்கள். எனக்கு, உங்கள் பானையில் நான் புளி போட்டுத் தேய்த்த மஞ்சள் கறைதான் நினைவில் வந்தது. குற்றம் செய்தவனுக்கு ஊர் முழுக்கத் தன்னைப் பற்றித்தான் கதைக்கிறது போல இருக்கும்.

ஒருமுறை பியர்பொன்ட்ஸ் ஆற்றங்கரைக் காட்டுக்குள் போனோம். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து வந்த நாள். முழுநேரமும் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். திரும்பிக் காருக்கு வந்து சட்டைப்பைக்குள் கைவிட்டால், முட்டையளவில் இரண்டு மடங்கு கறுப்புக் கல். நீங்கள் முதல் வளைவிலேயே போட்டுவிட்ட கல். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "ரெண்டு மணித்தியாலம் பாரத்தோட நடந்திருக்கிறாய், ஒரு சொல்லுச் சொல்லேல்லை." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்ல வந்தது உள்ளே போய்விட்டது.

கடைசியில், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வீட்டை ஒதுக்கும்போது, பானையை என்னிடம் தந்தீர்கள். "மிரியாமுக்கெண்டு ஒரு வீடு வரும்வரை உன்னட்டை இருக்கட்டும். சமைச்சால் சோறு மட்டும்." கண்ணடித்தீர்கள். கை என்ன மெலிவு அண்ணை. அதைப் பார்த்துக்கொண்டு நண்டைப் பற்றி எப்படிச் சொல்வது?

மணி ஒன்றரை. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

*

இப்போது பின்னேரம் ஆறு மணி. அவள் வந்துபோய்விட்டாள்.

குழந்தையை என் மனைவி வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். மிரியாம் பானையைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, "இவ்வளவு சின்னனோ? அப்பா தூக்கேக்க பெரிசா இருந்தது" என்றாள். கண் கலங்கியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் பத்து நிமிசத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

"பிள்ளை, அதை வைச்சிட்டு இரு. அதில நான் நண்டு சமைச்சனான்."

"எப்ப, இப்பவோ?"

"உனக்கு ஒன்பது வயசு அப்ப."

"அப்பாவிட்டைச் சொன்னீங்களோ?"

"இல்லை."

"ஒருக்காலும்?"

"இல்லை பிள்ளை."

அவள் இருந்துவிட்டாள். "எத்தினை நண்டு?" என்றாள். ஏன் கேட்டாளோ. "இருபத்திரண்டு" என்றேன். "இருபத்திநாலு" என்று அறைக்குள்ளிருந்து என் மனைவி திருத்தினாள். மிரியாமின் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரிக்க ஆயத்தமானேன். அவள் அழுதாள்.

"அவர் தெரியாமல் சாப்பிட்டவர். அந்தப் பிழை அவரில இல்லை" என்றாள்.

"என்னிலதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

பிறகு வெளியே போய் தங்கள் மதகுரு ஒருவரிடம் போனில் கேட்டுவிட்டு வந்தாள். உலோகம் என்றபடியால் வழி இருக்கிறதாம். பானையை விளிம்புமட்டும் தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவைத்து, நன்றாகச் சுட்ட ஏதாவதொன்றை உள்ளே போட்டு, விளிம்பு முழுக்க வழியச் செய்யவேண்டும். நான் பாய்ந்துபோய் இரும்புத் தாளிக்கிற கரண்டியை எடுத்துவந்தேன்.

"அங்கிள், அதில என்ன தாளிக்கிறனீங்கள்?"

இறால் குழம்பு நினைவுக்கு வர, கரண்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் குசினியில் சாப்பாடே படாத சாமான் ஒன்றுதான் இருந்தது. யன்னல் கட்டையில் கிடந்த உங்கள் கறுப்புக் கல். அவள் அதைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டாள். "இது அப்பாவின்ர பகிடியெல்லோ" என்றாள்.

கல்லை நெருப்பில் சுட்டு, இடுக்கியால் பிடித்து, கொதிக்கிற தண்ணீருக்குள் விட்டோம். சீறிக்கொண்டு பொங்கி விளிம்பால் வழிந்தது. என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்து நின்று, தைப்பொங்கல் பானையைப் பார்க்கிற மாதிரியே எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்தாள். எல்லாப் பக்கமும் வழிந்தது. அடுப்பு அணைந்து குசினி நிலமெல்லாம் தண்ணீர். துடைப்பது என் தொழில். துடைத்தேன்.

மிரியாம் பானையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியில் சுற்றினாள். "பானை சரி. நீங்கள் அவரிட்டைச் சொல்லாததை என்னால கழுவேலாது அங்கிள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

வாசலில் சப்பாத்து மாட்டும்போது, நிமிர்ந்து பாராமல் கேட்டாள்: "இப்பவும் மாடு சாப்பிடுறேல்லையோ?"

"இல்லை பிள்ளை."

"சரி" என்றாள். அவ்வளவுதான். பானை ஒரு கையில், பிள்ளை ஒரு கையில், படியிறங்கிப் போனாள். சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடத்தான் கேட்டாள் என்று என் மனைவி சொல்கிறாள். நான் அதை நம்பத் துணியவில்லை.

அண்ணை, மாடு கண்ட பானை என்று, கரண்டி வாய்க்கு வரமுன் நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். நான் இருபது வருசம் கழித்து, நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, உங்கள் பிள்ளையை அழவைத்துச் சொல்லியிருக்கிறேன். அதிலும் நண்டுக் கணக்குப் பிழை.

கல்லைத் துடைத்தேன். யன்னலில் திரும்ப வைக்க மனம் வரவில்லை, சட்டைப்பையில் போட்டிருக்கிறேன். இன்னும் முழுக்க ஆறவில்லை. எழுதக் குனியும்போது நெஞ்சில் இடிக்கிறது. நாளைக்கு வேலைக்கும் இதோடுதான் போவேன். அது என்ன பாரம் என்று யாராவது கேட்டால், இந்த முறை சொல்லிவிடுவேன்.